தெரிந்தவர் என்பது தகுதி ஆகாது

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் மொட்டை மாடிக்கு நீர்த்தடைப் பூச்சு அடிக்க ஆள் தேடும் வீட்டுக்காரர்களிடையே ஏறத்தாழ ஒருமித்து நிலவும் கருத்து ஒன்று உண்டு. நம்பத்தக்க ஒப்பந்தக்காரர் என்பவர் தெரிந்தவராக, அல்லது தெரிந்தவருக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும்; அவர் சதுர அடிக்குச் சொல்லும் விலை மற்றவர் சொன்னதைவிடக் கூடாமல் இருக்க வேண்டும்; பெயர் பெற்ற நிறுவனத்தின் டப்பாவைக் காட்டிப் பத்தாண்டு உத்தரவாதமும் சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேட்பது வீண், எழுதிக் கேட்பது அவமதிப்பு என்பதே அக்கருத்து. இது தவறானது என்பதும், ஒவ்வொரு மழைக்காலத்திலும் வீடுகளின் மேல்தளம் ஒழுகுவதற்குப் பொருளின் குறையைக் காட்டிலும் இந்தத் தேர்வுமுறையின் குறையே பெரிய காரணம் என்பதும் இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

இக்கருத்தை அறியாமை என்று ஒதுக்குவது நேர்மையாகாது. கட்டட வேலையின் பெரும்பகுதி எந்தப் பதிவேட்டிலும் வராத தொழிலாளர்களால் நடக்கிறது. பல மேஸ்திரிகளுக்கு அலுவலகமும் இல்லை, முன்பு செய்த வேலையைப் பற்றிச் சொல்லும் ஆவணமும் இல்லை. அந்நிலையில் ஓர் ஆளைப் பற்றிய ஊர்ப்பேச்சுதான் வீட்டுக்காரருக்கு எளிதில் கிடைக்கும் சான்று. தெரிந்தவர் ஏமாற்றினால் நாளை ஒரு திருமணத்திலோ துக்கத்திலோ நேருக்கு நேர் நிற்க வேண்டியிருக்கும் என்ற கூச்சம் அவரைக் கட்டுப்படுத்தும் என்ற கணக்கிலும் பிழையில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துபோகும் வெளியூர் ஆள் பற்றிய அச்சம் பட்டறிவிலிருந்து வந்தது. சுவர் எழுப்பும் கொத்தனாரையும் கதவு செய்யும் தச்சரையும் தேர்ந்தெடுக்க இவ்வழி பெரும்பாலும் போதுமானது. ஏனெனில் கோணிய சுவரும் பொருந்தாத கதவும் வேலை முடிந்த அன்றே கண்ணுக்குத் தெரிந்துவிடும். பூச்சு வேலையின் இயல்போ முற்றிலும் வேறு.

அந்த இயல்பை முதலில் விளக்க வேண்டும். கான்கிரீட் நீரை முற்றாகத் தடுக்கும் பொருள் அன்று. அதில் நுண்துளைகளும், காய்ந்து சுருங்கும்போது விழும் மயிரிழை விரிசல்களும் இருக்கும். முற்காலத்து மெட்ராஸ் டெரஸ் கூரையில் மர உத்திரங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கனமான அடுக்கைக் கடுக்காய், வெல்லம் ஊறிய நீர் தெளித்து நாள்கணக்கில் தட்டிக் கெட்டிப்படுத்தி, மேலே தட்டோடு பதித்தார்கள். இன்று அந்த அடுக்குக்கு மாறாகவோ அதன் மேலாகவோ அக்ரிலிக், பாலியூரிதேன், பாலிமர் கலந்த சிமென்ட் ஆகிய நீர்மப் பூச்சுகள் சில மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்தில் அடிக்கப்படுகின்றன, அல்லது தார் விரிப்பு தீச்சுவாலையால் உருக்கி ஒட்டப்படுகிறது. கோடையில் 40 பாகை செல்சியஸைத் தாண்டும் இவ்வட்டாரத்தில், வெயில் நேரடியாக விழும் தளம் காற்றைவிட மிக அதிகமாகச் சூடேறி இரவில் குளிர்கிறது; 10 மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் தளம் 30 பாகை வெப்ப வேறுபாட்டில், தடையின்றி விரிய விட்டால், ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளும். இந்த அசைவை நாள்தோறும் தாங்கிய மெல்லிய படலத்தின் மேல்தான் வடகிழக்குப் பருவமழை விழுகிறது. 2020 நவம்பரில் நிவர் புயல், 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களை ஆறாக்கி இராயலசெருவு ஏரிக்கரையையே அச்சத்துக்குள்ளாக்கிய பெருமழை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் என்று அடுத்தடுத்து வந்தவற்றை நினைத்தால், பூச்சின் தரம் அழகு பற்றிய கேள்வியாக இருக்க முடியாது என்பது விளங்கும்.

1. தெரிந்தவரின் எதைத்தான் வீட்டுக்காரர் தெரிந்துவைத்திருக்கிறார்? அவருடைய குடும்பத்தை, பேச்சை, கொடுத்த கைமாற்றைத் திருப்பித் தந்த நேர்மையை. அவர் அடித்த பூச்சு எத்தனை மில்லிமீட்டர் கனம் என்பதை எவரும் அறிந்திருப்பதில்லை. அதைப் பரிந்துரைத்த உறவினரும் அறியமாட்டார். பரிந்துரைப்பவர் சொல்வதெல்லாம், வேலையாள்கள் சொன்ன நாளில் வந்தார்கள், குப்பையைக் கூட்டிச் சென்றார்கள், மாடி வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தது என்பதுதான். அடித்து ஆறு மாதம் ஆன பூச்சைப் புகழ்கிறவர் ஒரு பருவமழையைக்கூடச் சான்றாகக் காட்ட முடியாமல் போகலாம்.

கூச்சம் கட்டுப்படுத்தும் என்ற கணக்கும் இவ்விடத்தில் உடைகிறது. கூச்சம் வேலைசெய்ய வேண்டுமானால் குற்றம் வெளிப்பட வேண்டும், அது யாருடையது என்பதும் தெளிய வேண்டும். பூச்சு தோற்பது ஓராண்டோ ஈராண்டோ கழித்து. அப்போது தண்ணீர்த் தொட்டியின் குழாய் கசிகிறது, பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து ஓதம் ஏறுகிறது, தளமே பழையது என்று பல காரணங்கள் கைவசம் இருக்கும். அவற்றுள் சில உண்மையாகவும் இருக்கலாம். வேலைக்கு முன் தளம் எந்நிலையில் இருந்தது என்பது பதிவாகாதபோது எந்த விளக்கத்தையும் மெய்ப்பிக்கவோ மறுக்கவோ இயலாது. ஆகவே கூச்சப்பட வேண்டிய கட்டாயமும் யாருக்கும் நேர்வதில்லை.

இன்னும் மோசமான விளைவு ஒன்று உண்டு. அறிமுகம் கண்காணிப்பைக் குறைக்கிறது. முன்பின் தெரியாதவர் வேலை செய்தால் வீட்டுக்காரர் மாடிப்படி ஏறிப் பார்ப்பார். தெரிந்தவர் செய்யும்போது ஏறிப் பார்ப்பதே சந்தேகமாகத் தோன்றும் என்று தயங்குவார். “நம்ம வீட்டு வேலைங்க, எழுத்து எதுக்கு” என்ற ஒரு வாக்கியம் எல்லாக் கேள்விகளையும் அடைத்துவிடுகிறது. அமெரிக்காவிலோ வளைகுடாவிலோ இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்ப, வயது முதிர்ந்த பெற்றோர் மட்டும் இருக்கும் வீடுகளில் இது முழுமையாகவே நடக்கிறது. அதோடு, பல வேளைகளில் தெரிந்தவர் வேலையை வாங்குகிறாரே தவிர, அதைச் செய்பவர் அவர் அல்லர். இடையில் தம் பங்கை எடுத்துக்கொண்டு சதுர அடிக் கூலிக்கு வேறொரு குழுவிடம் ஒப்படைக்கிறார். அந்தக் குழுவுக்கு வேகமாக முடித்தால்தான் கூலி கட்டுபடியாகும். அவர்களுக்கும் வீட்டுக்காரருக்கும் இடையில் எந்த அறிமுகமும் கிடையாது.

2. சதுர அடி விலை எதை அளக்கிறது? பரப்பை மட்டும். நீரைத் தடுப்பதோ கனம். கனத்தைச் சொல்லாத விலை, எடையைச் சொல்லாமல் தங்க நகைக்குச் சொல்லும் விலையைப் போன்றது. இவ்வட்டாரத்தில் இரு விலைகளை ஒப்பிடும் வீட்டுக்காரர் இரு வெவ்வேறு பொருள்களை ஒப்பிடுகிறார் என்பதை அவருக்கு எவரும் சொல்வதில்லை.

கணக்கு எளியது. ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர் பூச்சைப் பரப்பினால் ஈர நிலையில் அதன் கனம் சரியாக 1 மில்லிமீட்டர். கன அளவில் பாதி நீராக இருக்கும் பூச்சு காய்ந்த பின் அரை மில்லிமீட்டராகும். 1,000 சதுர அடி மாடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். எல்லாக் கோட்டுகளுக்கும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 1 லிட்டர் தேவை என்று டப்பாவில் அச்சிட்டிருந்தால், அந்த மாடிக்கு 20 லிட்டர் வாளிகள் ஐந்துக்குச் சற்றே குறைவாக வேண்டும். இரண்டே வாளிகளில் தண்ணீர் சேர்த்து மாடி முழுவதையும் வெள்ளையாக்கிக் காட்டுவது கைதேர்ந்தவர்க்குக் கடினமன்று. அப்போது காய்ந்த படலத்தின் கனம் அரை மில்லிமீட்டருக்கு மாறாக அதில் பாதியைக்கூட எட்டாது. மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. விலையைக் குறைத்துச் சொன்னவர் எங்கே குறைத்தார் என்பதற்கு விடை அந்த மூன்று வாளிகளில் இருக்கிறது. “இரண்டு கோட்டு அடித்துத் தருகிறோம்” என்ற வாக்குறுதியும் இதே காரணத்தால் பொருளற்றது. எத்தனை முறை உருளையை ஓட்டினார்கள் என்பதைக் கொண்டு எவ்வளவு பொருள் தளத்தில் தங்கியது என்பதைச் சொல்ல முடியாது.

இதே நாட்டில், இதே மாவட்டங்களில், அரசு இப்படி வேலை கொடுப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் போன்றவற்றில் தார்ச்சாலையின் மேல் சீல் கோட்டு என்ற அடைப்புப் பூச்சு இடப்படுவதுண்டு. தார்க் கலவையின் இடுக்குகள் வழியே நீர் இறங்காமல் மூடுவதே அதன் பணி. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு அதற்கு “ஒரு கோட்டு” என்று எழுதி விட்டுவிடவில்லை. தாரைத் தெளித்து மேலே சிறு ஜல்லி பரப்பும் வகைக்கு 10 சதுர மீட்டருக்கு 9.8 கிலோ தார், மணலைத் தாருடன் முன்கூட்டியே கலந்து இடும் வகைக்கு 6.8 கிலோ என்று எடையையே கட்டளையிடுகிறது. செய்த வேலை அளவுப் புத்தகத்தில், அதாவது பொறியாளர்கள் எம் புக் என்று சொல்லும் பதிவேட்டில், ஏறிய பிறகே பட்டியல் பணம் நகரும். சாலை முடிந்து ஐந்தாண்டு பராமரிப்பும் அதே ஒப்பந்தக்காரரின் கடமை. அப்படியும் சாலைகள் பெயர்கின்றனவே என்று கேட்கலாம். பெயர்கின்றன, ஆனால் எடை எழுதப்பட்டிருப்பதால் ஒரு துண்டை வெட்டி எடுத்துச் சோதித்துக் குற்றத்தை மெய்ப்பிக்க முடிகிறது. எழுதப்படாத மாடியில் அந்த வழியும் இல்லை.

அமெரிக்காவில் வீட்டு முன்பாதைக்குக் கரிய அடைப்புப் பூச்சு அடிக்கும் தொழிலிலும் இதே நோய் நெடுநாளாக உண்டு. பக்கத்துத் தெருவில் வேலை முடித்துப் பொருள் மிஞ்சிவிட்டது, பாதி விலைக்கு அடித்துத் தருகிறோம் என்று கதவைத் தட்டுகிறவர்களைப் பற்றி அந்நாட்டு நுகர்வோர் அமைப்புகள் எச்சரித்துவருகின்றன. தண்ணீரைக் கூட்டிப் பூச்சை நீர்க்கச் செய்வதுதான் அங்கும் வழக்கமான மோசடி. வாளிக்குள் இருப்பது என்ன என்ற கேள்வியை அங்கே சில அரசுகளே எழுப்பியுள்ளன: நிலக்கரித் தார் கலந்த பூச்சுகளிலிருந்து புற்றுநோய் தூண்டும் வேதிப்பொருள்கள் மழைநீரில் கலப்பதால், டெக்சாஸின் ஆஸ்டின் நகரம் 2006-இலும் வாஷிங்டன் மாநிலம் 2011-இலும் அவற்றைத் தடைசெய்தன. மாடியில் விழும் மழைநீரைத் தொட்டிக்குத் திருப்பிச் சேமிக்கும் வீட்டுக்காரர், தம் தலைக்கு மேல் பூசப்படுவது எது என்று பெயர் சொல்லிக் கேட்பதற்கு அதுவே போதிய காரணம்.

3. பத்தாண்டு உத்தரவாதம் யாருடைய உத்தரவாதம்? இக்கேள்வியை வீட்டுக்காரர்கள் கேட்பதே அரிது. உற்பத்தி நிறுவனம் தரும் உத்தரவாதம் பெரும்பாலும் பொருளுக்கு மட்டும் உரியது: குறிப்பிட்ட அளவில், குறிப்பிட்ட முறையில், அங்கீகரிக்கப்பட்டவர் அடித்து, வாங்கிய பட்டியலும் கைவசம் இருந்தால்தான் அது செல்லும், சென்றாலும் பூச்சுப் பொருளை மாற்றித் தருவதோடு முடியலாம், கூலியும் கெட்டுப்போன உட்சுவரும் அதில் அடங்காமல் போகலாம். ஒப்பந்தக்காரர் வாயால் சொல்லும் பத்தாண்டோ அவர் அத்தொழிலில் நீடிக்கும் வரைக்கும்தான். முந்தைய ஆண்டில் வேறு வேலை செய்துகொண்டிருந்தவர் அடுத்த பத்தாண்டுக்கு வாக்குக் கொடுப்பதில் எந்த இழப்பையும் ஏற்பதில்லை. இழப்பை ஏற்காத வாக்குறுதிக்கு ஆண்டுகளின் எண்ணிக்கையால் மதிப்புக் கூடுவதில்லை. பத்துக்கு மாறாக இருபது என்று சொல்வதற்கும் அவருக்குச் செலவு ஒன்றே. கூலியில் ஒரு பங்கை வீட்டுக்காரரிடமே விட்டுவைத்து ஒரு பருவமழை கழிந்த பின் பெற்றுக்கொள்ளச் சம்மதிப்பவர், சிறிதாயினும் தம் பணத்தை இழப்புக்கு உட்படுத்துகிறார். அந்த ஓராண்டு, அச்சிட்ட பத்தாண்டைவிட உறுதியானது.

4. டப்பாவின் பெயர் குறித்து நீண்ட மறுப்புத் தேவையில்லை. எத்தனை சிறந்த பூச்சும் ஈரத் தளத்தின் மேலும், பாசி சுரண்டாத பரப்பின் மேலும், அடைக்காத விரிசலின் மேலும் நிற்காது. ஒழுகல் பெரும்பாலும் தொடங்குவது தளத்தின் நடுவில் அன்று. கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையிலும், மழைநீர்க் குழாயின் வாயிலும், தொட்டியைத் தாங்கும் தூண்களின் அடியிலும், குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்திலும்தான். நூறடிக்கு ஓரடியாவது சரிவு இல்லாமல் நீர் தேங்கும் மாடியில் முதலில் சரிவைத் திருத்த வேண்டும். இவை யாவும் டப்பாவைத் திறப்பதற்கு முந்தைய வேலைகள். சதுர அடி விலையில் இவற்றுக்கு இடமே இருப்பதில்லை. தளம் காய்ந்ததா என்று பார்ப்பதற்குக் கண்ணாடி போன்ற பாலித்தீன் தாள் ஒன்றை நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் ஒட்டி ஓர் இரவு, குறைந்தது 16 மணி நேரம், விட்டுவைத்தால் போதும். தாளின் அடியில் நீர் முத்திருந்தால் அன்று பூச்சு அடிக்கக் கூடாது. இந்தச் செலவில்லாத சோதனையைத் தாமாகச் செய்து காட்டும் ஒப்பந்தக்காரர், எந்தப் பெரிய நிறுவனத்தின் சின்னத்தை அணிந்தவரைவிடவும் கருத்தோடு கவனிக்கத் தக்கவர்.

5. எழுத்து உறவைக் கெடுக்கும் என்பது உண்மைக்கு நேர்மாறானது. உறவுகள் கெடுவது ஒழுகிய பின். அதுவும் சொன்னது என்ன, கேட்டது என்ன என்பதில் இருவர் நினைவும் வேறுபடுவதால். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் செல்லத்தக்கதுதான். மெய்ப்பிப்பதில்தான் அது தோற்கிறது. வீடு கட்டித்தருவதும் சட்டத்தின் பார்வையில் சேவையே என்று லக்னோ வளர்ச்சிக் குழும வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-இலேயே தீர்ப்பளித்துள்ளது. காசு கொடுத்துச் செய்விக்கும் கட்டட வேலையில் குறை நேர்ந்தால் நுகர்வோர் என்ற முறையில் முறையிடும் வழி அதனால் திறந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒப்பந்தக்காரர் வேலூரிலோ சென்னையிலோ இருந்தாலும், வீட்டுக்காரர் தாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்கிட இடமளிக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதானால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆயினும் குறை நேர்ந்து இரண்டாண்டுக்குள் முறையிட வேண்டும் என்ற வரம்பு உண்டு. தெரிந்தவர் முகம் கோணுமே என்று பொறுத்திருப்பவர்கள் பெரும்பாலும் இந்த வரம்பைத்தான் இழக்கிறார்கள்.

ஆணையங்களும் காலம் கடத்துகின்றன என்பது நியாயமான எதிர்வாதம். சட்டம் சில மாதங்களில் முடிக்கச் சொன்னாலும் நடைமுறையில் நீள்வதுண்டு. எனினும் எழுதுவதன் முதற்பயன் வழக்கில் இல்லை. எவ்வளவு பொருள், எந்த இடங்களில் முன்வேலை, எப்போது சோதனை, எப்போது பணம் என்று எழுத உட்காரும்போதே, இரு தரப்பாரும் அதுவரை பேசாதுவிட்டவற்றைப் பேச நேர்கிறது. செய்ய எண்ணமில்லாதவர் அந்த இடத்திலேயே விலகிவிடுகிறார். பட்டியல் வேண்டாம் என்றால் 18 விழுக்காடு ஜிஎஸ்டி மிச்சம் என்ற பேச்சுக்கும் இங்கு விடை சொல்ல வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சத்துக்கு உட்பட்ட சேவைத் தொழிலாளர் பொதுவாக அவ்வரியில் பதிவுபெற வேண்டியதில்லை. அவரிடம் வரிப் பட்டியல் இல்லாதது குற்றமன்று, கையெழுத்திட்ட எளிய ரசீதே போதும். பதிவுபெற்றவர் பட்டியலை மறைக்கச் சொன்னால், வீட்டுக்காரர் மிச்சப்படுத்துவதாக எண்ணும் தொகைக்கு ஈடாகத் தம்மிடமிருந்த ஒரே சான்றைக் கொடுத்துவிடுகிறார்.

மொழி பற்றியும் இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். 1911-இல் வட ஆற்காட்டுப் பகுதிகளையும் கொண்டு உருவான பழைய சித்தூர் மாவட்டப் பரப்பில், சித்தூரிலும் நகரியிலும் புத்தூரிலும் வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்குமாக வாழும் குடும்பங்கள் ஏராளம். “நம்ம மொழிக்காரர்” என்பதே பரிந்துரையாகும் இடம் இது. உத்தரவாத அட்டையோ ஆங்கிலத்தில் வருகிறது. மேஸ்திரி படிப்பது தெலுங்கு, வீட்டுப் பெரியவர் படிப்பது தமிழ் என்றால் தாளை இரு மொழியிலும் எழுதுவதில் தடை ஒன்றுமில்லை. லிட்டரும் சதுர மீட்டரும் தேதியும் தொகையும் இரு மொழியிலும் அதே எண்களே.

6. சிறிய வேலைக்கு இத்தனை கெடுபிடியா என்பது கடைசித் தற்காப்பு. வேலை சிறியது என்ற முடிவே தவறு. தளத்துக்குள் இறங்கும் நீர் கம்பியைத் துருவேற்றுகிறது. துரு, இரும்பின் கன அளவைப் போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் பிடிப்பதால் கீழ்ப்புறக் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளந்து தள்ளுகிறது. அறையில் படுத்திருப்பவர் மேல் காரை பெயர்ந்து விழுவது அதன் பிறகு. பல்கலைக்கழகத்தையும் மருத்துவமனைகளையும் யாத்திரிகர்களையும் நம்பி வாடகைக்கு விடப்படும் திருப்பதி வீடுகளில், பணத்தை மிச்சப்படுத்தியவர் வேறு ஊரிலோ கீழ்த்தளத்திலோ இருக்க, மேல்தள அறையில் ஓதச் சுவரோடு வாழ்பவர் மாணவராகவோ நோயாளியின் துணைக்கு வந்தவராகவோ இருக்கிறார். தேர்வில் செய்த கவனக்குறைவின் சுமை, தேர்ந்தெடுத்தவர் மேல் விழாமல் அதில் எந்தச் சொல்லுரிமையும் இல்லாதவர் மேல் விழுகிறது. இதைச் சொந்த வீட்டு விவகாரம் என்று ஒதுக்க முடியாது.

இத்தனை மறுப்புக்கும் எதிராக எழக்கூடிய வலுவான வாதம் ஒன்று எஞ்சியிருக்கிறது. எழுத்தும் அளவும் கேட்டால், எழுதத் தெரியாத, ஆனால் முப்பது ஆண்டுக் கைப்பழக்கம் உள்ள நேர்மையான மேஸ்திரி வெளியேறுவார். நாவன்மையும் அச்சிட்ட விலைப்பட்டியலும் உள்ள நகரத்து நிறுவனம் உள்ளே வரும் என்பதே அது. இந்த அச்சம் மதிக்கத்தக்கது. ஆனால் இன்றைய முறையில் அந்த மேஸ்திரியின் நிலை என்ன? ஐந்து வாளி போடுபவரும் இரண்டு வாளி போடுபவரும் ஒரே விலைப் போட்டியில் நிற்க, ஐந்து வாளிக்காரர் ஒவ்வொரு முறையும் தோற்கிறார். பிழைக்க வேண்டுமானால் அவரும் நான்குக்கும் பிறகு மூன்றுக்கும் இறங்க வேண்டும். அளவைக் கேட்காத வீட்டுக்காரர்தாம் நேர்மையானவரை அத்தொழிலிலிருந்து துரத்துகிறார். லிட்டர் கணக்கில் விலை கேட்கத் தொடங்கினால் கூடுதலாகச் சொன்னவர் ஏன் கூடுதலாகச் சொன்னார் என்பது முதன்முறையாகத் தெரியவரும். தாளை வீட்டுக்காரரே எழுதலாம். மேஸ்திரி கேட்டுக் கையெழுத்தோ கைந்நாட்டோ வைக்கலாம். கைப்பழக்கம் உள்ளவருக்கு மாடியில் நீர் தேக்கிக் காட்டுவதில் அச்சம் இருக்காது.

நீர் தேக்கும் சோதனையைப் பற்றி விரிவாகச் சொல்வது தேவை, ஏனெனில் நம்பிக்கை பற்றிய பேச்சு முழுவதற்கும் மாற்றாக நிற்பது அதுதான். பூச்சு முழுமையாகக் காய்ந்த பின் மழைநீர்க் குழாய்களின் வாயை அடைத்து, ஓர் அங்குல அளவுக்கு நீர் நிறுத்தி, ஒரு முழு நாளுக்குக் குறையாமல், இயன்றால் இரண்டு நாள் விட்டுவைத்து, கீழ் அறைகளின் உட்கூரையில் ஈரம் படர்கிறதா என்று பார்ப்பதே அச்சோதனை. 1,000 சதுர அடி மாடியில் அந்த நீர் ஏறத்தாழ 2,300 லிட்டர். சதுர மீட்டருக்கு 25 கிலோ மட்டுமே. ஆள் ஏறிப் புழங்கும் மாடிகள் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ கூடுதல் சுமை தாங்க வேண்டும் என்று இந்தியத் தரக் குறியீடு வகுத்திருப்பதால், நல்ல நிலையிலுள்ள தளத்துக்கு இதனால் தீங்கில்லை. கம்பி வெளியே தெரியும் பழைய தளமானால் பொறியாளரைக் கேட்காமல் செய்யக் கூடாது. ஓட்டுப் பதிப்பு போன்ற மேலடுக்கு ஏதேனும் வருமானால் அதற்கு முன்பே இச்சோதனை முடிந்திருக்க வேண்டும். வாளிகளின் முத்திரையை வீட்டாரின் முன்னிலையில் உடைப்பது, காலி வாளிகளை வேலை முடியும் வரை வைத்திருந்து எண்ணுவது, விரிசல் அடைத்த மூலைகளைப் பூச்சு மூடுவதற்கு முன் கைப்பேசியில் படமெடுப்பது, பணத்தை வங்கி வழியாகவோ யூபிஐ வழியாகவோ கட்டம் கட்டமாகக் கொடுப்பது ஆகியவை இதற்குத் துணை. இவற்றுள் எதற்கும் பொறியியல் படிப்பு தேவையில்லை.

ஐப்பசி மழை தொடங்கிய பின் ஒழுகும் மாடியைக் காட்டி ஆள் தேடுகிறவருக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இல்லை. ஈரத் தளத்தில் அடிக்கச் சம்மதிப்பவர்தாம் அப்போது கிடைப்பார். பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் தளம் காய்ந்திருக்கும் நாள்களே இவ்வேலைக்கு உரியவை. வரும் கோடையில் ஆள் தேடும் வீட்டுக்காரர் ஒவ்வொருவரும், வருபவரை யார் அனுப்பினார் என்று விசாரிப்பதற்கு முன், மூன்றைக் கேட்க வேண்டும்: ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை லிட்டர், நீர் தேக்கிக் காட்டச் சம்மதமா, கூலியில் ஒரு பங்கை டிசம்பர் கழிந்த பின் பெற்றுக்கொள்ளச் சம்மதமா. முதற்கேள்விக்கு எண்ணால் விடை சொல்லி மற்ற இரண்டுக்கும் எழுத்தில் உடன்படுபவர் முன்பின் தெரியாதவராயினும் அவரிடம் வேலையைக் கொடுக்கலாம். மறுப்பவர் உடன்பிறந்த தம்பியாயினும் கொடுக்கக் கூடாது.